ஓரமாய் நிற்பவர்கள்

கம்பெனியில் வேலை செய்கிறவர்களை மலைக்குக் கூட்டிவந்து இரண்டு நாள் விளையாட வைப்பதுதான் மேடத்தின் தொழில். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நாலைந்து தகரக் கொட்டகை போட்டிருந்தார். சென்னையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒரே ஹாலில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் பக்கத்து நாற்காலிக்காரரின் ஊர் தெரியாதவர்கள். அவர்களைக் கயிறு பிடிக்க வைத்து, கண்ணைக் கட்டி நடக்க வைத்து, ஒரே தட்டில் நாலு பேரைச் சாப்பிட வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோள்மேல் கை போட்டபடி இறங்கிப் போகச் செய்வார்.

நான் ஒடுகத்தூரில் வேன் ஓட்டுகிறவன். ரயிலில் வருகிறவர்களை வாணியம்பாடியிலிருந்து ஏற்றிப் போகவும், மளிகை சாமான் கொண்டுபோகவும் மேடத்துக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அப்படித்தான் பழக்கம். முதல் வாரம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை.

"பெரியவங்கள வெளாட வெக்க ஒரு ஆளா? இன்னாங்க இது? அவங்களா வெளாடிக்க மாட்டாங்களா?"

"வெளாட மாட்டாங்கதான் போல. வந்து எறங்கனதும் எல்லாம் ஆளுக்கொரு பக்கமா நிக்கறாங்க."

மேடத்துக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். வேலூர்க்காரர். மெலிந்த உடம்பு, காட்டன் சுடிதார், கான்வாஸ் ஷூ, கழுத்தில் ஒரு விசில். வண்டியில் முன்சீட்டில்தான் உட்காருவார். ஆனால் ரோட்டைப் பார்க்கவே மாட்டார். நடுவிலிருக்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பச் சொல்வார். "எனக்கு பின்னாடி வர்ற வண்டி தெரியணுமே மேடம்" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு வாரம் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் ஆலங்காயத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி வாங்கி அவருக்கென்று தனியாக மாட்டிவிட்டேன். காவலூர் தாண்டி வளைவுகளில் வண்டி ஏறும்போது அந்தக் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். மேலே போய்ச் சேருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணா, கடைசி சீட்ல ஜன்னலோரம் ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க. ஏறினதுலேந்து யார்கிட்டயும் வாயே தெறக்கல."

"தூக்கம் வந்திருக்கும் மேடம்."

"கண்ணு தெறந்துதான் இருக்குது."

மேடத்திடம் நான் கண்ட குணம் இது ஒன்றுதான் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. கூட்டத்தில் யார் ஓரமாக நிற்கிறார்களோ அவர்கள்மேல்தான் அவர் கண் போகும். மற்றவர்கள் என்ன ஆட்டம் ஆடினாலும் சரி, ஓரமாய் நிற்கிற அந்த ஒருவரை உள்ளே கொண்டுவராமல் அவருக்குச் சோறு இறங்காது. அதற்கு அவர் வைத்திருந்த வழி சாதாரணமானது. "வாங்க விளையாடலாம்" என்று கூப்பிட மாட்டார். கிட்டே போய், "சார், எனக்கு ஆள் இல்ல. இத கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?" என்பார்.

ரிட்டயர் ஆகப் போகிற ஸ்டோர்ஸ் ஆபீசர் ஒருவர் வந்திருந்தார். வந்ததிலிருந்து பலாமரத்தடியில் நாற்காலி போட்டு, சிக்னல் இல்லாத போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவரிடம் ஒரு கயிற்றின் நுனியைக் கொடுத்தார். ஆள் இல்லை என்றார். பக்கத்தில் நானும் நிலத்துக்காரரும் சும்மாதான் நின்றுகொண்டிருந்தோம். ஆபீசர் அலுப்போடு பிடித்தார். அப்புறம் கயிறு தளர்கிறது என்று எதிர்ப்பக்கத்தை அதட்டினார். சாயங்காலம் பார்த்தால் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுச் சேற்றில் நிற்கிறார். திரும்பிப் போகும்போது வண்டியில் என்னிடம், "நான் மட்டும் இல்லன்னா அந்தம்மா ரொம்ப கஷ்டப்பட்டிருப்பாங்கப்பா" என்றார். நான் ஆமாம் சார் என்றேன்.

எல்லா நேரமும் இப்படி நல்லதாய் முடியவில்லை. இன்னொரு முறை இளம்பெண் ஒருத்தி நேராகவே சொன்னாள்: "கொஞ்ச நேரம் தனியா இருக்கணும் மேடம், ப்ளீஸ்." மேடம் சரி என்று வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. டீ மேசையை அந்தப் பெண் இருந்த பக்கமாக நகர்த்தி வைக்கச் சொன்னார். அவள் எழுந்து வேலி ஓரமாகப் போனாள். மேடம் வேலி ஓரத்துக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

"வுட்டுடுங்க மேடம். அந்தப் பொண்ணுதான் தனியா இருக்கணும்னு கேக்குதே" என்றேன்.

"அப்படி கேக்கறவங்க யாரும் நெஜமா தனியா இருக்கறதுக்காக கேக்கறதில்லண்ணா."

எனக்கு அது சரியென்று படவில்லை. எனக்கே சில நாள் சவாரி முடிந்து வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்காரத் தோன்றும். இறக்கிவிடும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணா, உங்க மேடம் வீட்ல வேற யாருமே இல்லையா?" நான் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

ஒருமுறை என் மனைவியைச் சமையலுக்கு ஒத்தாசையாக மேலே கூட்டிப் போயிருந்தேன். அவள் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. பூண்டு உரித்துக்கொண்டே, "பசங்கள்லாம் இன்னா பண்றாங்க மேடம்?" என்று கேட்டுவிட்டாள். மேடம் சிரித்தார். "வாராவாரம் வேற வேற பசங்க வர்றாங்களேம்மா" என்றார். அதற்குமேல் என் மனைவியே கேட்கவில்லை. ஒரு கல்யாணம் ஆகி, சீக்கிரமே முடிந்துபோனது என்று நிலத்துக்காரர் வீட்டில் பேச்சு. சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருந்தாராம். அந்த வேலையை ஏன் விட்டார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவர் வாயால் நான் எதையும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் சாமான் இறக்கப் போவேன். அந்த நேரத்தில் மறுநாள் ஆட்டங்களை அவர் தனியாகச் செய்து பார்த்துக்கொண்டிருப்பார். முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிவிட்டு, துணியால் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அவ்வளவு பெரிய மேட்டில் ஒற்றை ஆளாக நடப்பார். காற்று துப்பட்டாவை இழுக்கும். நான் வண்டியிலிருந்தே கத்துவேன்: "மேடம், வலது பக்கம் கல்லு!" சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, "சொல்லாதீங்கண்ணா, எந்த எடத்துல பயம் வருதுன்னு எனக்குத் தெரியணும்" என்பார். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருக்கும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை மடிக்க விடமாட்டார். வட்டமாகப் போட்ட நாற்காலிகள் வட்டமாகவே கிடக்கும். "இருக்கட்டும்ணா. நாளைக்கு மடிச்சிக்கலாம்." அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் அன்றைக்கு முதல்முறையாகச் சாப்பிடுவார்.

ஒரு வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று வந்தது. மேனேஜர் நல்ல மாதிரி பேசுகிற ஆள். இரண்டாம் நாள் சாயங்காலம் வண்டிப் பக்கமாக வந்து, மேடத்தோடு நின்று டீ குடித்தார். நான் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாளா பாக்கறேன் மேடம். உங்களுக்கு ஆளுங்கள நல்லா தெரியுது. எங்க டீம பத்தி என்ன நெனைக்கறீங்க? சும்மா சொல்லுங்க."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னார். யார் விட்டுக் கொடுக்கிறார், யார் சத்தம் போட்டாலும் மனசு நல்லது, யாருக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் சொல்ல வேண்டும். டீ ஆறிப்போனது. கடைசியாக, நாற்பது வயதிருக்கும் ஒரு ஒல்லியான ஆளைப் பற்றிச் சொன்னார். கணக்குப் பார்க்கிறவர். "அவரு மட்டும் எதுலயும் ஒட்டல சார். ஆளு இங்க இருக்காரு, கவனம் இங்க இல்ல. கயிறு ஆட்டத்துல எல்லாரும் ஒரு பக்கம் போனா அவரு அப்படியே நிக்கறாரு. அவர கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்ன குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டீச்சரிடம் சொல்கிற குரல். மேனேஜர் தலையாட்டினார்.

அடுத்த வருஷமும் அதே கம்பெனி வந்தது. வாணியம்பாடியில் எல்லோரும் ஏறி முடிப்பதற்குள் மேடம் கண்ணாடியை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினார். முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டார்: "போன தடவ ஒல்லியா ஒரு சார் வந்தாரே, கணக்கு பாக்கறவரு. அவரு வரலியா?"

அந்தப் பெண், மேனேஜர் இந்த வண்டியில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். அவர் தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தார். "அவர வேலைலேந்து அனுப்பிட்டாங்க மேடம். போன தடவ இங்கேந்து போய் கொஞ்ச நாள்லயே. டீம்ல ஒட்டலன்னு சொன்னாங்க." பிறகு, "மீட்டிங்ல சொன்னாங்க மேடம். ரெண்டு நாள் பாத்த வெளியாளே கண்டுபிடிச்சிட்டாங்கன்னு" என்றாள்.

மேடம் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலங்காயம் வரைக்கும் விசிலைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு நாளும் ஆட்டங்கள் நடந்தன. தப்பான நேரத்தில் விசில் ஊதினார். மேனேஜர் டீ கிளாசோடு வந்தபோது, வேலை இருக்கிறது என்று சமையல் கொட்டகைக்குள் போய்விட்டார். கிளம்புகிற நேரத்தில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மறுவாரம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, சந்தவாசல் போகணும். அவரு சொந்த ஊரு அதானாம்."

போளூர் வழியாக இறங்கிப் போனோம். வழியெல்லாம், என்ன பேசுவது என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். விசாரித்ததில் கடைத்தெருவில் ஒரு உரக்கடையைக் காட்டினார்கள். மைத்துனர் கடையாம். கணக்குக்காரர் கல்லாவில் உட்கார்ந்து, தெருவுக்குப் பக்கவாட்டில் முகம் காட்டியபடி பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் மேடம்.

அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. அடையாளம் தெரிந்து, கோபத்தில்தான் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வண்டிப் பக்கம் ஒரு அடி பின்னால் வந்துவிட்டார்.

உள்ளேயிருந்து சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு அம்மா வந்தார், அவர் மனைவி போல. "இந்தப் பக்கமா வந்து பேசுங்க. அந்தக் காது அவருக்குக் கேக்காது."

மேடம் அப்படியே நின்றார். "எப்போலேந்தும்மா?"

"மூணு நாலு வருசமாவே அப்படித்தான். ஆபீஸ்ல தெரிஞ்சா வேல போய்டும்னு யாருக்கும் சொல்லல. நீங்க யாரு?"

மேடம் உர மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். அதற்குள் அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்து, எழுந்து நின்றிருந்தார். அவருடைய கேட்கிற காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, மேடம் எல்லாவற்றையும் சொன்னார். வழியில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "நான்தான் சார் சொன்னேன். ஒட்டலன்னு நான்தான் சொன்னேன்."

அந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு நாள் பாத்ததுக்கே ஒரு ஆள பத்தி இப்படி சொல்லிடுவீங்களா?"



"வுடு" என்றார் அவர். பிறகு மேடத்திடம், "நீங்க சொல்லலன்னா வேற எதனா சொல்லி அனுப்பியிருப்பாங்க. அந்த மேட்டுல காத்து ஜாஸ்தி மேடம். கண்ண வேற கட்டிட்டீங்க. நீங்க சொல்றது எதுவும் காதுல வுழல. எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன். கொஞ்சம் லேட்டா சிரிச்சிருப்பேன்."

மேடம் கீழே குனிந்துகொண்டார். கம்பெனியில் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அவர். போளூரில் ஒரு அரிசி மில்லில் கணக்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். திரும்பச் சென்னைக்குப் போகிற எண்ணம் இல்லை. பிறகு அவரே கேட்டார்:

"அந்தக் கயிறு ஆட்டம் இன்னும் வெக்கறீங்களா? அதுல இன்னாதான் பண்ணணும்? கடைசி வரைக்கும் எனக்குப் புரியல."

மேடம் மூட்டை கட்டுகிற சணலை எடுத்தார். நுனிகளை முடிந்து பெரிய வளையமாக்கினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கயிற்றைப் பிடிக்க வேண்டும், பேசிப் பேசியே அதைச் சதுரமாக்க வேண்டும் என்று அவர் காதருகே சொன்னார். நாலு மூலைக்கு நாலு பேர் வேண்டும். அவர் பிடித்தார். நான் பிடித்தேன். அந்த அம்மா கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு கேரியரைக் கல்லாமேல் வைத்துவிட்டு வந்து ஒரு மூலையைப் பிடித்தார்.

கண்ணை மூடினோம். "நீ இப்படி வா." "எப்படி?" "இழுக்காதீங்கப்பா, அறுந்துடும்." யூரியா வாங்க வந்த ஒருவர், "இன்னாய்யா நடக்குது கடையில?" என்று கத்தினார். கண்ணைத் திறந்து பார்த்தால் சணல் எந்த உருவத்திலும் இல்லை. "இவ்ளோதானா!" என்று கணக்குக்காரர் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது மேடம் ஒரே ஒரு தடவை பேசினார். "அண்ணா, மேல போனதும் இந்தக் கண்ணாடிய கழட்டிடுங்க."

அதற்குப் பிறகு எந்தக் கூட்டம் வந்தாலும், மேட்டில் ஏறியதும் முதலில் ஒன்று சொல்வார்: "இங்க யார் எப்படி இருந்தாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க மேனேஜர் கேட்டாலும் சொல்ல மாட்டேன்." ஆட்டத்தின் விதிகளை வாயால் சொன்னதோடு கையாலும் செய்து காட்டினார். யாராவது ஓரமாக நின்றால் கிட்டே போய், நிற்கட்டுமா, வரட்டுமா என்று அவர்களையே கேட்டார். நிற்கிறேன் என்றால் விட்டுவிட்டார். விடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தாலே தெரியும். கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நிற்பார்.

கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் யார் எப்படி என்று எழுதித் தரச் சொல்கிறார்களாம். போனில் ஒருவர் கேட்டது எனக்கே கேட்டது: "அப்ப எதுக்கு மேடம் உங்ககிட்ட வரணும்? ஏலகிரில ரிசார்ட்டுக்கே போய்டலாமே." மேடம், "போய்ட்டு வாங்க சார், நல்லா இருக்கும்" என்றார். ஒவ்வொன்றாக நின்றது. வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றிருந்தது மாசத்துக்கு ஒன்றாகி, அப்புறம் அதுவும் இல்லாமல் போனது. நிலத்துக்காரர் நல்லவர்தான். ஆனாலும் நிலத்தைச் சும்மா போட்டு வைக்க முடியுமா? சாமை விதைக்கட்டுமா என்று கேட்டார். மேடம் விதைக்கச் சொல்லிவிட்டார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை கிடைத்தது. திருப்பத்தூர் ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இரண்டு பெட்டி, ஒரு கட்டைப் பை. ரயில் வரும்வரை இருக்கிறேன் என்றேன். "வேணாம்ணா, உங்களுக்கு சவாரி இருக்கும்" என்றார். இல்லை என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து என் மகளின் படிப்பு, மனைவியின் முட்டிவலி, வண்டியின் இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவரைப் பற்றி நான் என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

சந்தவாசல்காரர் போளூர் மில்லில் சேர்ந்துவிட்டார். காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார். ஒருமுறை அரிசி ஏற்றப் போனபோது பார்த்தேன். மேடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எப்படி இருக்கிறார் என்று தெரியாமலேதான் சொன்னேன். அது உறுத்தலாக இருந்ததால், வந்த பொங்கலன்று மத்தியானம் போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"பொங்கலோ பொங்கல் மேடம். பொண்ணுங்கள்லாம் எப்படி இருக்காங்க?"

"எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்கண்ணா. லீவாச்சே. சமையல்காரம்மாவும் போயாச்சு."

"நீங்க?"

"யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல" என்றார். பொங்கல் வைத்தீர்களா என்று கேட்டேன். ஒரு ஆளுக்கு எங்கே வைக்கிறது என்று சிரித்தார். என் மகளைக் கேட்டார். முட்டிவலியைக் கேட்டார். நிலத்துக்காரரின் சாமை எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"சரிங்கண்ணா, வெச்சிடறேன்" என்றார்.

வைக்கவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் வைக்காமல் போனைக் காதில் பிடித்தபடியே நின்றேன்.